காட்டுப் பூவரசு

காரைக்காலில் மலை கிடையாது, குன்று கிடையாது, ஒரு பாறைகூடக் கிடையாது. மேடு என்று நாங்கள் சொல்வது ஆற்றங்கரையைத்தான். மண்ணைத் தோண்டினால் கல் வராது, தண்ணீர் வரும்; பல இடங்களில் அதுவும் உப்பு. ஒரு செடி எந்த உயரத்தில் வளர்கிறது என்று கேட்கும் வழக்கமே எங்களுக்கு இல்லை. கடலுக்கு எவ்வளவு பக்கம், வாய்க்காலின் தலைமாடா கடைமடையா, இந்த இரண்டு கேள்வி போதும்.

சம்பா அறுப்பு முடிந்த கையோடு ஒரு பிப்ரவரியில் அப்பாவை நீலகிரிக்கு அழைத்துப் போனேன். அறுபத்தெட்டு வயதில் அவர் பார்க்கும் முதல் மலை. ஊட்டித் தாவரவியல் பூங்கா அவரைக் கவரவில்லை. "இதெல்லாம் வச்சு வளத்தது. தானா மொளைக்கிறது எங்க இருக்கு?" மறுநாள் அவலாஞ்சிக்குப் போனோம்.

அங்கே நிலம் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. சரிவுகளின் மடிப்புகளில் சோலை, முதுகு முழுக்கப் புல். சோலை மரங்கள் நாம் நினைக்கும் காட்டு மரங்கள் மாதிரி வானத்துக்கு ஓடுவதில்லை. காற்றுக்குத் தலை குனிந்து, ஒன்றோடொன்று தோள் ஒட்டி, கிளையெல்லாம் பாசியும் ஆர்க்கிட்டும் சுமந்து நிற்கின்றன. கொழுந்துகள் சிவப்பாக இருக்கின்றன, தூரத்திலிருந்து பார்த்தால் பூ என்றே தோன்றும்.

"மேல ஏன் வெறும் புல்லா கெடக்கு? தரிசா போட்டுட்டாங்களா?"

டெல்டாக்காரர் கேட்கும் நியாயமான கேள்வி. குளிர்காலத்தில் அந்த வெட்டவெளியில் உறைபனி விழுகிறது. சோலையின் நிழலுக்கு வெளியே முளைக்கும் மரக்கன்று கருகிவிடும். புல் மேலே காய்ந்தாலும் வேரில் உயிரைப் பிடித்து வைத்திருக்கும். அந்தப் புல்லின் நடுவே தனியாக நிற்கத் துணிந்த மரம் ஒன்று உண்டு. தடித்த பட்டை, முறுக்கிய உடல், தோல் போன்ற இலை, கொத்துக் கொத்தாக ரத்தச் சிவப்பில் பூ. ரோடோடென்ட்ரான். வண்டி ஓட்டி வந்த அண்ணன், "காட்டுப் பூவரசுங்க" என்றார்.

அப்பா சிரித்துவிட்டார். எங்கள் வேலியோரம் முழுக்கப் பூவரசுதான். மஞ்சளாய்ப் பூத்து சாயங்காலம் சிவந்து விழும், இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதாத பிள்ளை ஊரில் கிடையாது. இந்த மரத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. இதன் நெருங்கிய சொந்தங்கள் இமயமலையிலும் இலங்கையின் மலைகளிலும் இருக்கின்றன, நடுவில் தீபகற்பம் முழுக்க வேறெங்கும் இல்லாமல் மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிகளில் மட்டும் தங்கிவிட்டது. கீழேயிருந்து ஏறிப்போன யாரோ தன் ஊர் மரத்தின் பெயரைக் கையோடு கொண்டுபோய் அங்கே வைத்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

எங்கள் பக்கத்திலிருந்து ஏறிப்போனவர்களில் பெரோத்தேயும் ஒருவர். சுவிட்சர்லாந்தில் பிறந்து பிரெஞ்சு அரசுக்கு வேலை பார்த்த தாவரவியலாளர், 1830களில் நீலகிரியில் செடி சேகரித்தார், 1870இல் புதுச்சேரியில் இறந்தார். 1955இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கே தாவர வரைபடம் போட்டது. கடலோரத்தில் உட்கார்ந்துகொண்டு மலைக்கு வரைபடம்!

அப்பா கேட்ட 'தரிசா?' என்ற கேள்வியை வெள்ளைக்கார அதிகாரிகளும் கேட்டார்கள், பிற்பாடு நம்மவர்களும் கேட்டார்கள். பதிலாக மரம் நட்டார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த தைல மரமும், மலையில் சீகை என்று சொல்லும் வாட்டிலும் புல்லை மூடின. மரம் நடுவது புண்ணியம் என்று பள்ளிக்கூடத்தில் படித்த நமக்கு இது உறைக்கக் கொஞ்சம் நேரமாகும். கிளென்மார்கனில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு சின்ன நீர்ப்பிடிப்புகளை எடுத்து, ஒன்றைப் புல்லும் சோலையுமாக விட்டு, மற்றதில் பாதிக்கு மேல் தைல மரம் வைத்து அளந்து பார்த்தார்கள். முதல் பத்து வருஷத்தில் மரம் வைத்த பக்கத்தில் நீர்வரத்து 16 சதவீதம் குறைந்தது.

அவலாஞ்சித் தண்ணீர் பவானியோடு போகிறது. பவானி கேரளாவுக்குள் போய்த் திரும்பி வந்து, மேட்டூருக்குக் கீழே காவிரியில் சேர்கிறது. கல்லணை தாண்டிப் பிரிந்து, அரசலாறாக எங்கள் ஊரில் கடலைத் தொடுகிறது. அதுவும் மிச்சம் இருந்தால். காவிரி நடுவர் மன்றம் 2007இல் புதுச்சேரிக்கு, அதாவது காரைக்காலுக்கு, எழுதிக் கொடுத்தது 7 டிஎம்சி. 2018இல் தமிழ்நாடு, கர்நாடகப் பங்குகளை மாற்றிய உச்ச நீதிமன்றமும் இந்த ஏழில் கை வைக்கவில்லை. காகிதத்தில் அது பத்திரமாக இருக்கிறது. அப்பாவின் நாலு மா நிலத்துக்குத் தண்ணீர் எட்டாத வருஷங்களும் இருந்திருக்கின்றன.

திரும்பும் வழியில் சீகை வெட்டிய ஒரு சரிவு. விதை மண்ணுக்குள் பல வருஷம் உறங்கும், வெட்ட வெட்ட முளைக்கும், பிடுங்கிவிட்டுத்தான் புல் நடணும் என்று அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, புதுசாக வைத்த ஒரு புல் குத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"நாத்து விட்டுத்தான் நடுறாங்களா தம்பி?"

"ஆமாங்கய்யா. நர்சரில வளத்துக் கொண்டாந்து நடுறது."

"குத்துக்குக் குத்து எவ்வளவு எடம் வுடுறாங்க?"