ராத்திரி அழாத பிள்ளை

பிறந்த ஐந்தாம் நாள் ராத்திரி ஒன்பது மணிக்குக் கண்ணை மூடிய என் மகள், மறுநாள் விடியற்காலை நான்கு மணி வரை விழிக்கவில்லை. நானும் விழிக்கவில்லை. பிரசவத்துக்குப் பிறகு நான் ஒரே மூச்சில் தூங்கிய முதல் இரவு அது. காலையில் வீடே குழந்தையைப் பாராட்டியது. "தங்கமான பிள்ளை. அம்மைக்க கஷ்டம் தெரிஞ்சு உறங்குது பாத்தியா" என்றாள் பாட்டி.

அந்த ஏழு மணி நேரத் தூக்கத்துக்கு நான் எத்தனை நாள் பயந்திருக்கிறேன் என்று பாட்டிக்குக் கடைசி வரை சொல்லவில்லை.

எங்கள் ஊர் பனச்சமூடு. கேரளத்தின் நெய்யாற்றின்கரைத் தாலுகாவில் இருக்கிறது. சந்தையிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் தமிழ்நாடு வந்துவிடும். 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்களைப் பிரித்தபோது விளவங்கோடு தாலுகா அந்தப் பக்கம் போனது, நெய்யாற்றின்கரை இந்தப் பக்கமே நின்றது. வீட்டில் தமிழ், கடையில் இரண்டும், பள்ளியில் அவரவர் வசதி என்று எங்கள் வாழ்க்கை நடக்கிறது. எல்லைக்கோடு எங்களை அதிகம் தொந்தரவு செய்வதில்லை. அரசாங்கக் காகிதம் தேவைப்படும்போது மட்டும் அது நினைவுக்கு வரும்.

எனக்கு அது 2014இல் வந்தது. கல்யாணமாகிப் போனது நாகர்கோவிலுக்கு. கர்ப்பிணியாகப் பதிவு செய்ததும் பிரசவம் பார்த்ததும் அங்கேதான். நான்காம் நாள் தாய்வீட்டுக்கு, பனச்சமூட்டுக்கு, அழைத்து வந்துவிட்டார்கள். நாகர்கோவில் கிராம சுகாதார செவிலியர் எல்லை தாண்டி வர மாட்டார். இங்குள்ள ஆஷா பணியாளரின் பட்டியலில் என் பெயர் கிடையாது. இரண்டு மாநிலத்துக்கும் நடுவில், யார் கணக்கிலும் இல்லாமல் ஒரு பச்சைக் குழந்தை உறங்கிக்கொண்டிருந்தது.

ஆறாம் நாளும் அவள் அப்படியே இருந்தாள். எண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளிப்பாட்டியதும் அசந்து போவாள். மார்பில் வைத்தால் இரண்டு நிமிடம் சப்புவாள், பிறகு வாய் திறந்தபடி உறக்கம். பகலும் இரவுமாக நான்கைந்து தடவை குடித்திருப்பாள். முகம் லேசாக மஞ்சளித்தது. "பிள்ளைக்குப் பொன்நிறம் வருது" என்றார்கள். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

ஏழாம் நாள் காலை, பக்கத்து வீட்டுக் கர்ப்பிணியைப் பார்க்க ஆஷா பணியாளர் வந்தார். எங்கள் முற்றத்தைக் கடக்கும்போது நின்று, துணி காயும் கொடியைப் பார்த்தார்.

"மோளே, இது குஞ்ஞு பிறந்த வீடுதானே? கொடியில ரெண்டு துணிதான் கிடக்கு?"

நேற்று முதல் அவ்வளவுதான் நனைந்தது என்றேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிட்டார். கேட்டது இரண்டே கேள்விகள். ராத்திரி எத்தனை தடவை பால் குடித்தாள்? நேற்று எத்தனை தடவை மூத்திரம் போனாள்? பிறகு பையிலிருந்து தொங்கு தராசை எடுத்தார். பிறக்கும்போது 2.9 கிலோ. அன்று 2.6 கூட இல்லை. குழந்தையின் நெஞ்சிலும் காலிலும் விரலால் அழுத்தி எடுத்துப் பார்த்தார். அழுத்திய இடத்தில் மஞ்சள் தெரிந்தது, முழங்காலுக்குக் கீழேயும். "இப்பவே ஆஸ்பத்திரி போகணும். சாப்பிட்டுட்டுப் போகலாம்னு நிக்கக்கூடாது" என்றார். ஆட்டோவையும் அவரே கூப்பிட்டார்.

மஞ்சள் காமாலை புதிய விஷயமல்ல. பிறந்த குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு முதல் வாரத்தில் லேசாக வரும், பெரும்பாலும் தானே போய்விடும். ஆனால் அது போகும் வழி மலம். நிறையப் பால் குடித்து நிறைய மலம் கழித்தால்தான் உடம்பிலுள்ள பிலிருபின் வெளியேறும். பால் குறைந்தால் பிலிருபின் தேங்குகிறது. தேங்கினால் குழந்தைக்கு மந்தம். மந்தமான குழந்தை பால் கேட்டு அழாது. அழாத குழந்தையை யாரும் எழுப்ப மாட்டார்கள், பால் இன்னும் குறையும். அளவு மிஞ்சினால் மூளையைப் பாதிக்கும், காது கேட்காமல் போகலாம். "அம்மைக்க கஷ்டம் தெரிஞ்சு" உறங்கிய என் மகள் உண்மையில் விழிக்கத் தெம்பில்லாமல் கிடந்திருக்கிறாள்.

நீல விளக்குக்கு அடியில், கண்ணைக் கட்டி, இரண்டு நாள் வைத்திருந்தார்கள். உறிஞ்ச அவளுக்குச் சக்தி இல்லை. மார்பிலிருந்து நான் கையால் பீய்ச்சிக் கொடுத்த பாலைச் செவிலி பாலாடையில் புகட்டினார். பாட்டி காலத்துப் பாலாடையை எந்திரங்களுக்கு நடுவே பார்த்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர் சொன்னது சுலபமாக நினைவில் நின்றது. பச்சைக் குழந்தைக்கு ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு தடவை பால் வேண்டும். அதன் வயிறு சின்னது, தாய்ப்பால் சீக்கிரம் செரித்துவிடும். முதல் சில நாட்களில் எடை கொஞ்சம் குறைவது இயல்பு. பத்தில் ஒரு பங்கு வரை குறைந்துவிட்டால் தாமதிக்கக் கூடாது. இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடை திரும்ப வேண்டும். அது வரை மூன்று மணி நேரத்துக்கு மேல் உறங்கினால் எழுப்பிக் கொடு. ஐந்து நாள் ஆன குழந்தை தினமும் ஆறு துணியாவது நனைக்க வேண்டும்.

எழுப்புவதா? உறங்கும் பிள்ளையை எழுப்பினால் பாவம் என்று வளர்ந்தவள் நான். சுவாதித் திருநாளுக்குத் தாலாட்டு எழுதிய நாடு இது. தமிழிலும் தூங்க வைக்கப் பாட்டு ஏராளம். சுவாமியை எழுப்பத் திருப்பள்ளியெழுச்சி உண்டு. குழந்தையை எழுப்ப மட்டும் பாட்டில்லை. அலாரம் வைத்தேன். மணி அடித்ததும் போர்வையை விலக்கி, உள்ளங்காலைத் தேய்த்து, ஈரத் துணியை மாற்றி எழுப்பினேன்.

விடியற்காலைப் பாலின்போது ஜன்னலுக்கு வெளியே ஒரு வெளிச்சம் மரத்துக்கு மரம் நகரும். எதிர்வீட்டு மாமன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால் வெட்டுவார். வெயில் ஏறினால் மரத்தில் பால் ஒழுக்கு குறைந்துவிடும், அதனால் எங்கள் பக்கத்தில் வெட்டுகாரர்கள் இருட்டிலேயே தொடங்குவார்கள். தாயின் உடம்புக்குக் காரணம் வேறு. பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் இரவில்தான் அதிகம். முதல் வாரங்களில் இரவுப் பாலைத் தவறவிட்டால் பகல் பாலும் மெல்லக் குறையும். குடிக்கக் குடிக்கத்தான் சுரக்கும். ஊரே உறங்கும் நேரத்தில் விழித்திருப்பவள் நான் ஒருத்தி மட்டுமல்ல என்பது அந்த விளக்கைப் பார்க்கையில் ஆறுதலாக இருந்தது.

மூன்றாவது வாரம் எல்லாம் தலைகீழாயிற்று. எடை ஏறிய மகள் இப்போது தானே விழித்தாள். சாயங்காலம் தொடங்கினால் நடுராத்திரி வரை முக்கால் மணிக்கு ஒரு தரம் அழுகை. பாராட்டிய அதே வீடு இப்போது தீர்ப்புச் சொன்னது: "உனக்குப் பால் காணாது மக்ளே. பொடிப்பால் குடு, ராத்திரி முழுக்க உறங்கும்." சந்தையிலிருந்து டின்னும் வந்துவிட்டது. தாய்ப்பாலே சிறந்தது என்ற வாசகத்தோடு, குழந்தைப் படம் எதுவும் இல்லாமல். 1992ஆம் ஆண்டுச் சட்டம் குழந்தைப் பால் டின் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறது, அதன் விளம்பரத்தையும் தடுக்கிறது. ஆனால் டின்னுக்கு விளம்பரம் எதற்கு? மூன்று இரவு தூங்காத ஒரு தாயும், அவள் மேல் பிரியமுள்ள நான்கு உறவினர்களும் போதும்.

அன்று நான் டின்னைத் திறக்காததற்குக் காரணம் கொள்கை அல்ல. கொடிதான். அதில் எட்டுத் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. தராசும் ஏறுமுகம். அழுகையை வைத்துப் பாலை அளக்க முடியாது என்று அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது. துணி இரண்டாகவே இருந்து, மருத்துவர் கொடுக்கச் சொல்லியிருந்தால், வெட்கப்படாமல் திறந்திருப்பேன்.

ஒன்று மட்டும் மனத்தாங்கல். தாய்ப்பாலின் பெருமையைச் சொல்கிறவர்கள் தாய் எப்போது உறங்குவாள் என்று சொல்வதில்லை. 2017இல் பேறுகால விடுப்பை 26 வாரமாக்கினார்கள். அது பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்கு. கூலிக்குப் பால் வெட்டப் போகிறவளுக்கும் வீட்டில் உட்கார்ந்து அண்டி உடைக்கிறவளுக்கும் அந்தக் கணக்கு இல்லை. எனக்கு என் அம்மா இருந்தாள். பால் குடித்து முடித்த குழந்தையை வாங்கித் தோளில் போட்டு ஏப்பம் விட வைத்து, மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு, "நீ உறங்கு" என்பாள். அந்த இரண்டு சொல்லால்தான் நான் பிழைத்தேன். குழந்தைக்கு ராத்திரி எது, பகல் எது என்று புரிய இரண்டு மூன்று மாதம் ஆயிற்று.

அந்த மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். காலையில் எழுப்புவது இன்றும் பெரும்பாடு.

போன மாதம் சித்தி மகளின் குழந்தையைப் பார்க்கப் போனோம். "ராத்திரி ஒரு சத்தம் இல்லை அக்கா, அவ்வளவு நல்ல பிள்ளை" என்று அவள் வாசலிலேயே சொன்னாள். நான் தொட்டிலுக்குப் போகவில்லை. புழக்கடைக்குப் போய்க் கொடியைத் தேடினேன். கொடி வெறுமையாக இருந்தது. டயப்பர்தான், இப்போது யாரும் துணி கட்டுவதில்லையாம். டயப்பர் எல்லாவற்றையும் உறிஞ்சி மறைத்துவிடுகிறது. "நேற்று எத்தனை மாத்தினே? ஒவ்வொண்ணும் கனமா இருந்ததா?" என்று கேட்டேன். "அம்மா, வந்தவுடனே இதைத்தான் கேக்கணுமா?" என்று மகள் என் கையைக் கிள்ளினாள்.

ஏழு என்றாள் சித்தி மகள். அதற்குப் பிறகுதான் நான் குழந்தையின் முகத்தைப் பார்த்தேன்.