ஐநூறு ரூபாயும் ஒரு சாரி கார்டும்

“கட்டித் தொலைச்சிடு, விடு” என்பதுதான் போக்குவரத்து அபராதம் என்றதும் எங்கள் ஊரில் முதலில் கிடைக்கும் யோசனை. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. கோலார் தங்கவயலில் சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடப்பட்டது. அதன் பிறகு பாதி ஊர் பிழைப்பது மாரிகுப்பத்திலிருந்து பெங்களூருக்குப் போகும் ரயிலால்தான். ஒருநாள் லீவு போட்டால் ஒருநாள் கூலி போச்சு. ஹெல்மெட் போடாததற்குக் கர்நாடகத்தில் 500 ரூபாய் அபராதம். அதை எதிர்த்து ஒரு வாய்தாவுக்குப் போய்வந்தாலே அதற்கு மேல் கை நட்டம். வீட்டில் அடுப்பெரிய வேண்டியவர்கள் கட்டிவிட்டு வேலையைப் பார்க்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் என் மனைவியின் ஸ்கூட்டருக்கு அப்படி ஒரு அபராதக் குறுஞ்செய்தி வந்தபோது அவள் கட்ட மறுத்துவிட்டாள். ஹெல்மெட் இல்லாமல் ஓட்டியதாகக் குற்றம். இடம், நாங்கள் வண்டியில் போயே இராத ஒரு வெளியூர்ச் சாலை. இணைப்பைத் திறந்தால் கேமரா எடுத்த படம் வந்தது. கறுப்பு ஸ்கூட்டர், பின்பக்கம். கே.ஏ. 08 என்று எங்கள் ஊர்ப் பதிவுதான். கடைசி எண்ணின் இடப்பக்கம் சேறு அப்பியிருந்தது. மூன்றா எட்டா என்று தெரியவில்லை. படத்தை விரலால் பெரிதாக்கிக்கொண்டே போனவள் ஒரு இடத்தில் நிறுத்தினாள். “இதுல சாரி கார்டே இல்ல பாருங்க.” புடவை சக்கரத்தில் சிக்காமல் தடுக்கும் அந்தக் கம்பிச் சட்டம் அவள் வண்டியில் வாங்கிய அன்றிலிருந்து இருக்கிறது. அதன் மேல் கம்பி ஒருமுறை கேட்டில் இடித்து உள்வாங்கிப் போனதுகூட அப்படியே இருக்கிறது.

எங்கள் சுரங்கக் குடியிருப்பின் எதிர் லைன் வீட்டுப் பெரியவர், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் தரையடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், விஷயம் கேட்டு வந்தார். “ஏம்மா, ஐநூறு ரூபாய்க்குப் போய்க் கோர்ட் படி ஏறுவாங்களா?”

“தப்பு பண்ணியிருந்தா ரெண்டாயிரம்னாலும் கட்டலாம் மாமா. பண்ணாத தப்பை நான் ஏன் ஒத்துக்கணும்?”

அவர் பதில் பேசவில்லை. வேலை முடிந்து மேலே வரும்போதெல்லாம் உடம்பைத் தடவிச் சோதனை போட்ட காலத்தில் வாழ்ந்தவர். தங்கத் திருட்டைத் தடுக்கவென்று பலமாக வளர்ந்த காவல் அமைப்பின் மிச்சமாக இன்றும் எங்கள் ஊருக்குத் தனி போலீஸ் எஸ்.பி. உண்டு. கைரேகை எடுத்துத் தொழிலாளரைப் பதிவு செய்ய முயன்றதை எதிர்த்து 1930-ல் சுரங்கத் தொழிலாளர்கள் 21 நாள் வேலைநிறுத்தம் செய்த ஊர் இது. எங்களைக் கள்ளனாகப் பார்க்காதே என்று சொன்னவர்களின் பேரப்பிள்ளைகள், ஒரு குறுஞ்செய்தியைக் கண்டதும் படத்தைக்கூடப் பார்க்காமல் பணம் அனுப்புவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பணத்தைக் கட்டினால் வழக்கு முடியும், உண்மைதான். ஆனால் குற்றம் நம் பெயரில் நின்றுவிடும். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின்படி ஹெல்மெட் குற்றத்துக்கு மூன்று மாதம் ஓட்டுநர் உரிமத்தை முடக்கவும் இடமுண்டு. பெங்களூரில் வாடகைக் கார் ஓட்டும் எங்கள் ஊர்ப் பையன்களுக்கு அந்த உரிமம்தான் சோறு. அவர்கள் விஷயத்தில் ஐநூறு என்பது வெறும் ஐநூறு இல்லை.

எதிர்ப்பதற்குப் பெரிய சட்ட ஞானமும் வேண்டியதில்லை. கேமரா அபராதங்களுக்கென்று 2021 ஆகஸ்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167ஏ சேர்க்கப்பட்டது. குற்றமும் நம்பர் பிளேட்டும் தெளிவாகத் தெரியும் படம், தேதி, நேரம், இடம் எல்லாம் சலானில் இருக்க வேண்டும். குற்றம் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்கிறது அது. சேறு மறைத்த எண் தெளிவான படமாகுமா? நாங்கள் ஆர்.சி. நகலையும், நான்கு பக்கமும் எடுத்த வண்டிப் படங்களையும் வைத்து மனு எழுதிக் கொடுத்தோம். சில வாரம் கழித்து அபராதம் பதிவிலிருந்து போயிற்று. கோர்ட் படி ஏறவே வேண்டியிருக்கவில்லை.

இதற்கு நேர்மாறு என் அக்கா மகன். அவனுக்கு வந்த படத்தில் முகம் பளிச்சென்று தெரிகிறது, ஹெல்மெட் முழங்கையில் தொங்குகிறது. அவனும் கட்டவில்லை. “பாதி ரேட் போடுவாங்க மாமா, அப்ப பார்த்துக்கலாம்” என்கிறான். 2023 பிப்ரவரியில் கர்நாடக அரசு நிலுவை அபராதங்களுக்கு 50 சதவீதத் தள்ளுபடி கொடுத்தது. ஒன்பது நாளில் நூறு கோடிக்கு மேல் வசூலானது. அதே சலுகை அந்த ஆண்டிலேயே மறுபடி வந்தது, 2025-லும் வந்தது. நிலுவை குறைந்தது சரி. ஆனால் தப்பு செய்தவன் காத்திருந்தால் லாபம் என்று அது கற்றுக்கொடுத்துவிட்டது. தப்பு செய்யாதவனையும் ‘பாதிதானே’ என்று கட்ட வைத்துவிட்டது. இரண்டுமே கெடுதல் என்பது என் முடிவு. அக்கா மகனிடம் முழுத் தொகையையும் கட்டச் சொன்னேன், முனகிக்கொண்டே கட்டினான்.

லோக் அதாலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கே போனால் வழக்காடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது சமரசத்துக்கான இடம். அங்கே ஒப்புக்கொண்டு முடித்த விஷயத்துக்கு மேல்முறையீடு கிடையாது. மனு கொடுத்தும் தீராவிட்டால், நான் ஓட்டவே இல்லை என்பவர் மாஜிஸ்திரேட்டிடம்தான் போக வேண்டும். வக்கீல் செலவுக்குப் பயப்படுகிறவர்கள் தாலுகா சட்டப் பணிகள் குழுவைக் கேட்கலாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், ஆலைத் தொழிலாளர்கள், மாற்றுத் திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. எங்கள் லைன்களில் இதில் ஏதாவது ஒன்றில் அடங்காத வீடு அபூர்வம்.

ஆகவே குறுஞ்செய்தி வந்தால், கன்னடத்தில் இருக்கிறதே என்று மூடிவைக்காமல், வாசிக்கத் தெரிந்த பிள்ளையைக் கூப்பிட்டு முழுதும் படிக்கச் சொல்லுங்கள். படத்தைத் திறந்து பாருங்கள். உங்கள் வண்டிதான், தப்பும் உங்களுடையதுதான் என்றால் தள்ளுபடிக்குக் காத்திராமல் கட்டிவிடுங்கள். இல்லை என்றால், பாதி விலைக்குக் கொடுத்தாலும் அந்தக் குற்றத்தை வாங்காதீர்கள்.