பெயர் தாங்கிய செங்கல்

சீன நாட்டிலுள்ள நாஞ்சிங் நகரில் பணியாற்றும் என் மகனைக் காணச் சென்றிருந்தேன். ஒருநாள் அவன் என்னை அந்நகரின் பழம்பெரும் மதிலுக்கு அழைத்துச் சென்றான். மிங் அரச மரபை நிறுவிய சூ யுவான்சாங் என்பவரால் 1366ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்று, 1393ஆம் ஆண்டில் நிறைவுற்ற மதில் அது. ஏறத்தாழ 35 கிலோமீட்டர் நீண்டிருந்த அம்மதிலில் 25 கிலோமீட்டர் இன்றும் நிலைத்து நிற்கின்றது.

அதன் உயரத்தையும் திண்மையையும் கண்டு வியந்து நின்றேன். மகனோ ஒரு செங்கல்லைச் சுட்டி, "அப்பா, இதைத் தடவிப் பாருங்கள்" என்றான். விரல்களில் எழுத்துகள் தட்டுப்பட்டன. "இஃது எவ்வூரில் செய்யப்பட்டது, மேற்பார்த்த அலுவலர் யார், சூளையில் சுட்டவர் யார், மண் பிசைந்து வார்த்தவர் யார் என்று பொறித்திருக்கிறார்கள். பழுது கண்டால் பொறுப்பாளரைக் கண்டறிவதற்காக" என்று விளக்கினான்.

யான் வாய் பேசாது நின்றேன். முப்பது ஆண்டுகள் தமிழாசிரியனாக இருந்தவன் யான். மாலை வேளைகளில் கட்டுரை ஏடுகள் என்முன் குவிந்து கிடக்கும். சோர்வு மிகுந்தபோது, சிலவற்றை முழுதும் படியாமலே அடியில் கையொப்பமிட்டதுண்டு. யான் திருத்தாது விட்ட பிழைகள் அம்மாணவரிடம் இன்றும் தங்கியுள்ளனவோ? அவ்வேடுகள் அழிந்தன, என்னைத் தேடி வந்து வினவுவார் எவருமிலர். அறுநூறு ஆண்டுகட்கு முன் மண் பிசைந்த தொழிலாளியோ, தன் செயலுக்குத் தன் பெயரையே பிணையாக வைத்துச் சென்றிருக்கிறான்.

ஊர் திரும்பியபின் அண்டை வீட்டுச் சிறுமி தன் கட்டுரை ஏட்டைக் கொணர்ந்தாள். இறுதி வரிவரை படித்தேன், பிழைகளைத் திருத்தினேன். அதன் பின்னரே என் பெயரை எழுதினேன்.