பழைய மோட்டார் சைக்கிள்

புதிய வண்டி வாங்குவோன் கடைக்காரர் தரும் உறுதிச்சீட்டை நம்பலாம். பழைய வண்டி வாங்குவோனோ தன் கண்ணையும் கையையுமே நம்பவேண்டும். வண்ணம் பூசினால் வண்டியின் புறத்தோற்றம் ஒரே நாளில் இளமை பெற்றுவிடும். உள்ளே தேய்ந்துபோன பிஸ்டன் வளையம் இளமை பெறுமோ?

சவ்வாது மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில் பணியாற்றிய இளம் ஆசிரியர் ஒருவர் பழைய புல்லட் வண்டி வாங்க விரும்பினார். அவ்வூருக்குப் பேருந்து நாளொன்றுக்கு இருமுறையே வரும். அவர் சேர்த்த பணத்தில் ஒரு பங்கு, அன்னையார் கறவைப்பசுவை விற்றுக் கொடுத்தது.

அவர் புல்லட்டை நாடியதற்குக் காரணம் உண்டு. அவ்வண்டி இங்கிலாந்திலே ரெட்டிச் என்னும் ஊரில் பிறந்தது. 1955-ஆம் ஆண்டில் என்பீல்டு இந்தியா என்னும் நிறுவனம் தோன்றிற்று. அதன்பின் சென்னையை அடுத்த திருவொற்றியூரில் அது உருவாகத் தொடங்கியது. தாய்நாட்டில் அத்தொழில் 1970-ஆம் ஆண்டளவில் நின்றுபோயிற்று, திருவொற்றியூரிலோ நிற்கவில்லை. ஆதலால் பழைய வண்டிக்கும் உதிரி உறுப்புகள் எளிதிற் கிடைக்கும். பழுது பார்க்கவல்லார் சிற்றூர்களிலும் உளர்.

வேலூரில் மெக்கானிக்காக இருந்த தாய்மாமனைத் துணைகொண்டு அவர் முதலில் ஒரு தரகரிடம் சென்றார். வண்டி கண்ணாடிபோல் மின்னிற்று. ஒரே உதையில் என்ஜின் முழங்கிற்று. ஆசிரியர் முகம் மலர்ந்தது. மாமனோ, தரகர் உதைக்குமுன்பே சிலிண்டரின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்திருந்தார்.

“காலையிலிருந்து நிற்கும் வண்டி என்றீரே, இந்தச் சூடு எங்கிருந்து வந்தது?” என்றார்.

தரகர் சிரித்தாரேயன்றி விடை கூறவில்லை. குளிர்ந்த என்ஜினே உண்மை பேசும். கிளம்புவதில் உள்ள தடையும், கிளம்பியவுடன் எழும் புகையும் அப்பொழுதுதான் புலப்படும். எண்ணெய் எரிந்தால் புகை நீலநிறமாயிருக்கும். பெட்ரோல் மிகுந்தால் கறுத்திருக்கும். முன்னரே ஓட்டிச் சூடேற்றி வைத்த வண்டியில் இவற்றுட் பல மறைந்துவிடும். பின்னர் மாமன் பதிவுப் புத்தகத்தை வாங்கிச் சட்டத்தில் பொறித்த எண்ணோடு ஒப்பிட்டார். ஓர் இலக்கம் மட்டும் மற்றவற்றினும் ஆழமாகப் பதிந்திருந்தது. ஒரு சொல்லும் பேசாமல் இருவரும் திரும்பினர்.

அடுத்துக் கண்டது, படையிலிருந்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவரின் 1984-ஆம் ஆண்டு வண்டி. தூசி படிந்து கிடந்தது. சிலிண்டர் தண்ணென்று இருந்தது.

“தம்பி, குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். காலையில் கிளப்பினால் சிறிது நேரம் நீலப்புகை வரும். வால்வு கைடு தேய்ந்துவிட்டது” என்றார் முதியவர்.

ஆசிரியர் அக்குறையையே காட்டி, கேட்ட விலையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைக்கச் சொன்னார். பசுவை விற்ற பணமாயிற்றே! ஆயினும் மாமன் அவர் கையைப் பற்றித் தனியே அழைத்துச் சென்றார்.

“மாப்பிள்ளை, மறைத்தவனிடம் பேரம் பேசாமல் வந்தோம், சொன்னவரைத் தண்டிக்கலாமா? பழுது பார்க்கும் கூலியை மட்டும் கழித்துக் கேளுங்கள்” என்றார். முதியவர் அதற்கு உடனே இசைந்தார்.

பதிவுப் புத்தகத்தின் எண்கள் ஒத்திருந்தன. பதினைந்து ஆண்டுகளுக்குப்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை செய்யவேண்டிய புதுப்பித்தலும் தவறாமல் நடந்திருந்தது. பெயர்மாற்றப் படிவங்களில் கையொப்பமிட்ட முதியவர், “முப்பது நாளுக்குள் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள். அதுவரை விபத்து நேர்ந்தால் என்னையும் வழக்கிற்கு இழுப்பார்கள்” என்றார்.

வண்டியைக் கிளப்புவது பிறிதொரு கலை. ஆசிரியர் நான்குமுறை உதைத்தும் அது அசையவில்லை, கால்தான் வலித்தது.

“வலிமை வேண்டாம், தம்பி. ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்துங்கள். பிறகு டிகம்பிரஷன் பிடியைப் பிடித்துக்கொண்டு இன்னும் சிறிது தாழ்த்துங்கள். பிடியை விட்டுவிட்டு, கிக்கர் மேலே வந்ததும் உதையுங்கள்.”

அவ்வாறே செய்தார். வண்டி தன் ஆழ்ந்த குரலில் முழங்கிற்று. பின்னால் நீலப்புகை எழுந்து வேலியருகே படர்ந்தது.

முதியவர் அதனைச் சுட்டிக்காட்டி, “நான் சொன்ன புகை அதுதான்” என்றார். பின்பு ஏதோ நினைத்துக்கொண்டு ஓரடி முன்வந்து, “இதில் கியர் வலக்காலுக்கு, பிரேக் இடக்காலுக்கு. மலைச்சாலையில் மறந்துவிடாதீர்கள்” என்றார்.