பை போட்டால் டூரிங் பைக்கா?



ரெண்டு பக்கமும் பை தொங்கினால் அது டூரிங் பைக் என்று எங்கட பிள்ளைகள் நினைக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் விடியற்காலையில் முகத்துவாரம் மீன்பிடித் துறைமுகத்தில் ரெஜிபோம் பெட்டி கட்டிக்கொண்டு புறப்படுகிற மீன்கார நாநாமார்தான் பெரிய டூரிங்காரர்கள்!

1974இல் ஹொண்டா கோல்ட்விங்கை அறிமுகப்படுத்தியபோது அதில் பெட்டியும் இல்லை, காற்றை மறைக்கும் முன்மறைப்பும் இல்லை. 1000 சீசீ என்ஜின், தண்ணீரால் குளிர்விப்பது, செயினுக்குப் பதில் ஷாப்ட். அமெரிக்காவில் வாங்கியவர்கள்தான் கிரெய்க் வெட்டர் போன்றவர்கள் செய்த முன்மறைப்பையும் பெட்டிகளையும் பூட்டித் தூரம் ஓடினார்கள். அதைப் பார்த்து 1980இல் ஹொண்டாவே பெட்டியோடு 'இன்டர்ஸ்டேட்' மொடலைக் கொண்டுவந்தது. ஓட்டம் முதலில், பெட்டி பிறகு.

என் கணக்கில் மூன்று விஷயம்: முதுகு நோகாமல் எத்தனை மணித்தியாலம் இருக்கலாம், ஒரு டாங்கில் எவ்வளவு தூரம் போகலாம், பாரம் ஏற்றினால் வண்டி நேராக நிற்குமா. மூன்றாவதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. பாரம் பின் சில்லுக்குப் பின்னால் போனால் முன் சில்லு லேசாகிவிடும். லொறி ஒன்று முந்தும்போது ஹேண்டில் ஆடுவது தெரியும். கனமான சாமான் கீழே, ஆளுக்குக் கிட்ட, ரெண்டு பக்கமும் சமமாக. துணிப் பை என்றால் சில்லுக்குள் போகாமல் தடுக்க இரும்புக் கம்பி கட்டாயம் (வெல்டிங் கடையில் அரை மணித்தியால வேலை).

2022இல் கியூஆர் வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர். என் 125 லீற்றருக்கு 50 கிலோமீற்றர் ஓடும். ஆக 200. வாப்பா இருந்தது புத்தளத்தில். போய்வர ஏறக்குறைய 260. அந்த நாட்களில் கோல்ட்விங்கே கையில் இருந்தாலும் அது டூரிங் பைக் இல்லை. பழைய வாரத்துப் பெற்றோலில் போய், புதிய வாரத்துப் பெற்றோலை அங்கே கியூவில் நின்று அடித்துக்கொண்டு திரும்புவேன்.

கொண்டுபோனது வாப்பாவின் இன்சுலின். புத்தளத்தில் கிடைக்கவில்லை, கொழும்பிலும் நாலு பாமசி ஏற வேண்டியிருந்தது. சைலன்சர் வலப் பக்கம், சூடு பைக்குள் ஏறும். அதனால் இன்சுலின் ஐஸ் போத்தலோடு இடப் பையில். பாரம் சமமாக வலப் பையில் சீனியும் பருப்பும். சுபஹ் தொழுதுவிட்டுக் கிளம்பினால் வெயில் ஏற முன் சேரலாம்.

வாப்பா பருப்பைப் பார்க்க மாட்டார். முதலில் இன்சுலின் பெட்டியைத்தான் தொட்டுப் பார்ப்பார், குளிர் இருக்கிறதா என்று.