வெங்காயத்திற் கண்ட பச்சை

கலைப்பீட மாணவனொருவன் கலத்தைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு நகைப்பைத் தரலாம். உயர்தரத்தில் உயிரியல் கற்று, அதிற் சித்தியெய்தாது, மறுமுறை கலைப்பாடங்களை எடுத்து இங்கு வந்து சேர்ந்தவன் நான். அத்தோல்வியின் வித்து ஒரு வெங்காயத் தோலில் இருந்தது.

செய்முறை வகுப்பில் வெங்காயச் செதிலின் மெல்லிய தோலை உரித்து, அயடீன் துளியிட்டு, நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தோம். செங்கற்கட்டுப் போன்ற சுவர்களும் அவற்றின் ஓரங்களிற் சில மஞ்சட் பொட்டுகளுமே எனக்குத் தெரிந்தன. அவ்வெறுமையை வரைந்தால் யார் புள்ளியிடுவார்? பாடநூற் படத்தை நினைவிற் கொண்டு, நடுவிலே கரு, சூழ இழைமணிகள், போதாததற்குப் பச்சையவுருமணிகள் எனச் செழிப்பாக வரைந்து, ஒவ்வொன்றின் தொழிலையும் பிழையின்றி எழுதினேன்.

ஆசிரியர் கொப்பியைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, மண்ணுக்குள்ளை கிடந்த வெங்காயத்திலை பச்சை எங்கை கண்டனீர்?"

ஒளிபடாத செதிலில் உணவாக்கும் வேலையில்லை; ஆதலால் பச்சையவுருமணியும் இல்லை. கருவும் அங்கே நடுவில் இராது. சாறு நிறைந்த பெரும் புன்வெற்றிடம் அதனைச் சுவரோரம் ஒதுக்கிவிடும். இழைமணியோ அச்சாயத்தில் எங்கள் கருவிக்குப் புலப்படாதது. கலத்தின் அமைப்பு அதன் தொழிலுக்கேற்றது என்று மனனஞ் செய்து ஒப்புவித்த நான், கண்முன் கிடந்த கலத்தின் தொழில் யாதெனக் கேட்கவேயில்லை.

1665 இல் றொபேட் ஹூக் தக்கையைச் சீவிப் பார்த்தபோது கண்டவையும் இறந்த கலங்களின் வெறுஞ் சுவர்களே. அவற்றையே வரைந்து, சிற்றறை எனப் பொருள்படும் பெயரையும் இட்டார். நாம் 'கலம்' என்னும்போது அவ்வறை பாத்திரமாகிவிடுகிறது. உள்ளே ஏதோ இருக்க வேண்டுமென்ற எதிர்பார்ப்பு அச்சொல்லிலேயே உண்டு. (இது தமிழ் படிப்பவனின் எண்ணம், உயிரியலார் பொறுப்பாராக.) 1898 இல் ஆந்தையின் மூளைக் கலங்களிற் கமிலோ கொல்கி கண்ட வலையுருவைச் சாயத்தின் மாயமெனப் பலர் ஐயுற்றனர். இலத்திரன் நுணுக்குக்காட்டி வந்தபின், 1950களிலேயே அவ்வையம் நீங்கியது. கண்டவரையே நம்பாத துறையில் நான் காணாததை வரைந்தேன்!

சென்ற தவணையிற் புறநானூற்றுப் பாடலொன்று பற்றி நான் எழுதிய கட்டுரை திரும்பி வந்தது. ஓரத்தில், "பாடலைப் படித்தீரா, உரையை மட்டுமா?" என்று விரிவுரையாளர் எழுதியிருந்தார். அன்றிரவு உரைநூலை மூடிவைத்து, பாடலை மட்டும் ஒரு தாளிற் பெயர்த்தெழுதினேன். முதலிரண்டு அடிகளில் மூன்று சொற்கள் விளங்கவில்லை.