அரை எலுமிச்சை

போன வருஷம் டாக்டர் என்னைத் தராசில் ஏற்றி இறக்கிவிட்டு, "ராத்திரியில் ஏதாவது உண்டா?" என்று கேட்டார்.

"ஒன்றே ஒன்று" என்றேன். என் தகப்பனாரும் இப்படித்தான் சொல்வார்.

"விட்டுவிடுவது உத்தமம். முடியாவிட்டால் சர்க்கரை சேராததாகவாவது பாருங்கள்" என்றார் டாக்டர்.

கதை எழுதுகிறவனுக்கு முதல் வாக்கியம் காதில் விழுமா? இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு வீடு வந்தேன். அதுவரை ஜின்னில் டானிக் தண்ணீரைக் கலந்து குடித்துக்கொண்டிருந்தேன். கசக்கிற வஸ்துவில் சர்க்கரை ஏது என்ற நம்பிக்கை. புட்டியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்த பிறகுதான் அந்தக் கசப்புக்குள் சர்க்கரை ஒளிந்திருப்பது தெரிந்தது.

அப்போது அகப்பட்டதுதான் 'ரிக்கி'. 1880-களில் வாஷிங்டன் நகரத்தில் ஷூமேக்கர் என்ற மதுக்கடையில், கர்னல் ஜோ ரிக்கி என்பவர் பெயரால் பிறந்த பானம் இது. அவருக்கு விஸ்கியில்தான் பிரியம். ஜின் பிற்பாடு வந்து சேர்ந்தது. 1925-இல் பிட்ஜெரால்ட் எழுதிய 'தி கிரேட் காட்ஸ்பி' நாவலிலும், வெயில் கொளுத்தும் ஒரு பகலில் நான்கு ஜின் ரிக்கிகள் வருகின்றன. ஒரு நாவலாசிரியனுக்கு இதைவிடச் சிபாரிசு வேண்டுமா?

செய்வதும் சுலபம். நம் ஊர் எலுமிச்சையே போதும். பழத்தை மேஜைமேல் வைத்து உள்ளங்கையால் உருட்டினால் சாறு நன்றாக இறங்கும். உயரமான தம்ளர் நிறையப் பனிக்கட்டி; 30 மில்லி ஜின்; அரை மூடி எலுமிச்சையைப் பிழிந்து, தோலையும் உள்ளே போட்டுவிட வேண்டும். மேலே ஸோடா. ஒரே ஒரு கலக்கு. சர்க்கரை கிடையாது. ஜின்னுக்கு ஏறக்குறைய 70 கலோரி. மற்றவை கணக்கில் சேர்க்கவே வேண்டாம்.

மூன்று மாதம் கழித்து மறுபடி தராசில் ஏறினேன். ஒரு கிலோ கூடியிருந்தது. தராசில் கோளாறு என்று மனைவியிடம் சொன்னேன்.

அவள் பதில் பேசவில்லை. அன்று ராத்திரி நான் ஜின்னை ஊற்றி முடித்ததும், இருமல் மருந்துப் புட்டியின் மூடியைக் கொண்டுவந்து வைத்தாள். "இதில் 15 மில்லிக்குக் கோடு இருக்கிறது. அளந்து பாருங்களேன்."

அளந்தேன். ஐந்து மூடி வந்தது! 75 மில்லி; 170 கலோரிக்கு மேல். டாக்டரை ஏமாற்றியதாக எனக்கு வருத்தமில்லை. எண்ணிக்கையில் நான் பொய் சொல்லவே இல்லையே. ஒன்றே ஒன்றுதான். என் தகப்பனாரின் 'ஒன்றும்' எவ்வளவு பெரியது என்று அம்மா ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால், இன்னும் கொஞ்ச காலம் அவர் எங்களோடு இருந்திருப்பாரோ என்னவோ.

அன்றுமுதல் இரண்டு மூடிதான். ஆனாலும் ஒரு சங்கடம்: பழத்தில் பாதி மிஞ்சிவிடுகிறது. அது தட்டில் கிடந்து, 'இன்னொரு தம்ளர்' என்று என்னைப் பார்க்கும். இப்போதெல்லாம் அந்தப் பாதியை மனைவி எடுத்துக்கொண்டு, ஸோடாவில் பிழிந்து, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு, எதிர் நாற்காலியில் வந்து உட்காருகிறாள்.

பழமும் மிஞ்சுவதில்லை; பேச்சுத் துணைக்கு ஆளும் உண்டு.